என் மூன்று வாக்கியச் சட்டம்

கிள்ளான் பள்ளியில் என் இடத்துக்கு வந்திருப்பவர் தினேஷ். நல்ல பையன். போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி.

"சார், பசியாறிட்டீங்களா? ஒரு ஹெல்ப் சார். உங்க த்ரீ சென்டன்ஸ் ரூல் இருக்குல்ல, அதப் பத்தி இங்க சீனியர் டீச்சர்ஸ் எல்லாம் இன்னும் பேசிக்கிறாங்க. புதுசா வந்தவங்களுக்கு ட்ரெய்னிங் வச்சிருக்கோம். ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா போதும் லா சார்."

கேட்டதும் பெருமை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பாவம், அந்தத் தம்பிமேல் இல்லை. அந்தச் சட்டத்தைக் கண்டுபிடித்த மேதாவிமேல். அதன் நன்மைகளை ஒரு பக்கத்தில் எழுதித் தர என்னால் ஆகாது. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். ட்ரெய்னிங்கில் வாசிப்பதும் வாசிக்காததும் அவர் பாடு.

நான் பாளையங்கோட்டைக்காரன். கல்லூரியில் எண்ணூறு மீட்டர் ஓடினேன், ஆங்கில இலக்கியம் படித்தேன். இரண்டிலும் ஊரைக் கலக்கியதாகச் சொல்ல முடியாது. உடற்கல்வி டிப்ளமோ ஒன்றையும் முடித்து, உள்ளூரில் கொஞ்ச காலம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் மலேசியாவுக்குப் போனேன். கிள்ளானில் ஒரு தனியார் இடைநிலைப் பள்ளி. காலையில் ஆங்கில ஆசிரியர், மாலையில் ஓட்டப் பயிற்சியாளர். ஒரே ஆளில் இரண்டு வேலை முடிகிறதென்றால் எந்த நிர்வாகத்துக்குக் கசக்கும்? மனைவி ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியை, வேலையை விட்டுவிட்டு வர முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் அறை எடுத்துக்கொண்டு, தினமும் கோமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய் வந்தேன். அறுபது வயதுவரை, பத்தொன்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

முதல் மாதமே பிள்ளைகள் எனக்கு 'இந்தியா சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் உச்சரிப்பைக் கழிப்பறைக்குப் பின்னால் நின்று பாவித்துக் காட்டுவார்கள் என்றும் காதில் விழுந்தது. எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம். இவர்களை இங்கிலீஷ் பேச வைக்காமல் விடுவதில்லை என்று சபதம் போட்டேன். யாரும் கேட்காத சபதம்.

பயிற்சி மாலை நான்கு மணிக்கு. அந்த நேரத்துக் கிள்ளான் வெயில் மண்டையைப் பிளக்கும். பிளக்காத நாளில் இடி இடிக்கும். இடிச் சத்தம் கேட்டால் திடலைக் காலி செய்ய வேண்டும் என்பது பள்ளி விதி. எங்கள் குழுவில் இருபத்திரண்டு பேர். ஒருநாள் வந்து நின்றது ஒன்பது பேர். மற்றவர்கள் மதியத்திலிருந்தே என்னைத் துரத்தித் துரத்திக் காரணம் சொல்லியிருந்தார்கள். ஆசிரியர் அறை வாசலில் ஒருத்தனுக்கு வயிற்றுவலி, படிக்கட்டில் ஒருத்திக்கு டியூஷன், கேன்டீனில் நான் மீ கோரெங் நூடுல்ஸில் கரண்டி வைக்கும்போது இன்னொருத்தன் வீட்டில் பூஜை.

அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது உதித்ததுதான் அந்தச் சட்டம். பயிற்சிக்கு ஓய்வு வேண்டுபவர்கள் சரியாக நான்கு மணிக்குத் திடலில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, முன்னால் வர வேண்டும். மூன்று வாக்கியம், இங்கிலீஷில். என்ன கஷ்டம், எப்போதிருந்து, விட்ட பயிற்சியை எப்படி ஈடுகட்டப் போகிறாய். தமிழ் கிடையாது, மலாய் கிடையாது. திடலைத் தவிர வேறு எங்கும் என்னிடம் காரணம் சொல்லக் கூடாது. மூன்றையும் அங்கே சொன்னால் ஓய்வு. என்ன பொய் சொன்னாலும் ஓய்வு! மொழி வளர்ந்தால் சரி.

முதல் நாள் பிரவின் வந்தான். வாயாடி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சார், மை அங்கிள் இஸ் மேரேஜ். சின்ஸ் மார்னிங். டுமாரோ ஐ வில் ஃபினிஷ்" என்றான். வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். அவனுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இன்றைக்கு ஷா ஆலாமில் கார் விற்கிறான், வாயாலேயே விற்கிறான் என்று கேள்வி.

ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்த மற்றவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். எல்லார் முன்னாலும் நின்று உளறுவதைவிட நாலு சுற்று ஓடுவது மேல். மூன்றாவது வாரத்தில் முன்னால் வந்து நிற்க ஆளே இல்லை. வருகைப் பதிவேட்டில் இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு.

அந்தப் பதிவேட்டை முதல்வரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மேடம் இந்திராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் ஓய்வு பெற்று இங்கே முதல்வராக வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பள்ளியில் ஒரு சிறு சம்பவம் நடந்தாலும் சம்பந்தப்பட்ட ஆசிரியர் அறிக்கை எழுத வேண்டும். அதை நம்மை எதிரில் உட்காரவைத்து, பென்சில் முனையை ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் வைத்து, சத்தமாக வாசிப்பார். ஒருமுறை பிள்ளைகள் குண்டு எறிதல் பழகியதில் ஒரு ஜன்னல் போயிற்று. 'மாணவர்களின் அலட்சியத்தால்' என்று எழுதியிருந்தேன். பென்சில் அங்கே நின்றது.

"சார், அலட்சியம்னு போட்டிருக்கீங்க. தெரியுமா, நெனைக்கிறீங்களா?"

"நெனைக்கிறேன் மேடம்."

"அப்ப அடிச்சிருங்க சார்."

அடித்தேன். இந்த ஒரு கேள்விக்குப் பயந்து அந்தப் பள்ளியில் யாரும் நீளமாக அறிக்கை எழுதுவதில்லை. அப்படிப்பட்டவரே என் பதிவேட்டைப் பார்த்து, "பாகுஸ் லா சார்!" என்று சொல்லி, ஆசிரியர் கூட்டத்தில் சட்டத்தை விளக்கச் சொன்னார். பாகுஸ் என்றால் மலாயில் 'பிரமாதம்', லா நம்மூர் 'பா' மாதிரி ஒரு ஒட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி யோகேஸ்வரி. மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, பதினைந்து வயது. பந்திங் பக்கத்திலிருந்து விடியலில் முதல் பஸ் பிடித்து வருவாள். அப்பா முனியாண்டி தொழிற்சாலைத் தொழிலாளர்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை. அவள் ஓட்டத்தைப் பார்த்துத்தான் எங்கள் பள்ளி இலவசமாக இடம் கொடுத்திருந்தது. நானூறு மீட்டர் ஓடுவாள். கடைசி நூறு மீட்டரில் மற்றவர்கள் முகம் கோணும், தோள் ஏறும். அவளுக்கு ஒன்றும் ஆகாது.

தமிழில் அவளுக்கு வாய் ஓயாது. என் நடையை, விசில் ஊதும்போது என் கன்னம் உப்புவதை அவளைப்போல் பாவித்துக் காட்ட ஆளில்லை. ஒருமுறை மறைவில் நின்று பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் இங்கிலீஷ் என்றால் கதவு சாத்திவிடும். வகுப்பில் எழுப்பினால் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்மா" என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஊரெல்லாம் சொல்கிற பழமொழிதான். அதை ஊமையாக நிற்கும் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அந்த வருஷம் பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு மாநிலப் பயிற்சிக் குழுவிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. அவர்கள் கண்ணில் பட்டால் விடுதி, முழுநேரப் பயிற்சி, நல்ல திடல். யோகேஸ்வரிக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை. "சார், செலெக்ட் ஆனா அப்பா என்னை அவரு பஸ்லயே கொண்டு வந்து விடுறேன்னு சொல்லிருக்காரு சார், தொழிலாளிங்கள எல்லாம் எறக்கிட்டு!" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, தமிழில் சொன்னதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

போட்டிக்கு முந்தைய இரண்டு மாதமும் மழை. தினமும் திடல் குளமாகிவிடும். நான் பயிற்சியை விடவில்லை. வகுப்பறைகளுக்கு முன்னால் இருந்த நீண்ட சிமெண்டு நடைக்கூடத்தில் ஓடவிட்டேன். பத்து ஓட்டம், பதினைந்து ஓட்டம். வெறும் சிமெண்டு. கால் எலும்புக்கு அது நல்லதில்லை என்று டிப்ளமோவில் படித்தவன்தான். இரண்டு மாதம்தானே என்று நினைத்தேன்.

நான் பார்க்காததென்று ஒன்றுமில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். அவள் காலணியின் குதி ஒரு பக்கம் தேய்ந்திருந்ததைப் பார்த்தேன். இடது காலை ஊன்றாமல் பதமாக வைப்பதைப் பார்த்தேன். வரிசையில் தைல வாசனை அடித்தது. "யாரு இங்க தைலக்கடை வச்சிருக்கது?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், யோகேஸ்வரியும் சேர்ந்து சிரித்தாள். அவள் ஓடும் நேரம் ஒன்றரை வினாடி கூடியபோது, விளையாட்டுத்தனம் என்று சொல்லி இரண்டு சுற்று அதிகம் கொடுத்தேன். வலித்தால் முன்னால் வந்து சொல்லியிருப்பாளே? அதற்கென்று ஒரு சட்டமே போட்டு வைத்திருக்கிறேனே! இப்படித்தான் என் புத்தி போயிற்று.

போட்டியன்று நல்ல வெயில். மூன்றாவது வளைவு வரைக்கும் அவள்தான் முன்னால். வளைவிலிருந்து வெளியே வரும்போது, நான் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். விழுந்தாள். தடுக்கி விழுந்தாள் என்றே நினைத்தேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்: "கெட் அப்! கெட் அப், யோகேஸ்!"

சொன்னபடி கேட்கிற பிள்ளை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி எழுந்து அந்தக் காலில் நின்றாள். ஒரு நொடிதான். "அப்பா" என்று ஒரு அலறல். பக்கத்துப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தவள்கூட நின்றுவிட்டாள்.

மருத்துவமனையில் இளம் மலாய் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புது முறிவின் ஓரத்தில் எலும்பு தடித்திருந்தது. ஏற்கெனவே விட்டிருந்த விரிசலை உடம்பு தானாக ஒட்டப் பார்த்திருக்கிறது. எத்தனை நாளாக வலி என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாரக்கணக்கில் இருந்திருக்கும். நடந்தாலே வலித்திருக்கும்" என்றார் பொறுமையாக.

காலுக்குள் கம்பி வைத்தார்கள். மறுநாள் காலை நான் வார்டுக்குப் போனபோது முனியாண்டி இரவு ஷிப்டு முடித்துச் சீருடையோடு நேராக வந்திருந்தார். என்னைச் சட்டையைப் பிடித்து உலுக்குவார் என்று எதிர்பார்த்தேன். உலுக்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கையில் இரண்டு நாசி லெமாக் பொட்டலம். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"சார், பசியாறிருக்க மாட்டீங்க. சாப்பிடுங்க சார். நேத்துலேருந்து நீங்கதான் அலையிறீங்க. பாப்பாவுக்கு அடிபட்டது உங்களுக்குத்தான் கஷ்டம்."

அதை நான் சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அறிக்கை எழுதாமல் விட முடியாது. மூன்று பிரதி. பயிற்சியாளர், பெற்றோர், மாணவி மூவரும் கையெழுத்திட வேண்டும். நல்ல இங்கிலீஷில் எழுதியிருந்தேன். மழை, சிமெண்டு நடைக்கூடம், போட்டி, விழுந்தது, எல்லாம் வரிசையாக. நான்காவது வாக்கியம் இது: மாணவி தன் வலியைப் பற்றிப் பயிற்சியாளரிடம் ஒருபோதும் தெரிவிக்கவில்லை.

மேடம் இந்திராணி தன் அறையில் பென்சிலை எடுத்து அதன் அடியில் வைத்தார். அன்று அவர் கண் சிவந்திருந்தது. அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

"தெரியுமா, நெனைக்கிறீங்களா சார்?"

"தெரியும் மேடம்."

ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. தெரியும் என்றேன். பென்சில் அடுத்த வரிக்குப் போயிற்று.

இருவரும் வார்டுக்குப் போனோம். மேடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் இங்கிலீஷில் வாசித்து, தமிழில் விளக்கினார். முனியாண்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டி முதலில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சொந்தப் பிள்ளையாட்டம் பாத்துக்கிட்டீங்க சார்" என்று அழுதார். அவர் கை என் கையிலிருக்கும்போதே மேடம் படுக்கைப் பக்கம் குனிந்து, "எல்லாம் சரியாம்மா?" என்று கேட்டார். யோகேஸ்வரி அப்பாவைப் பார்த்தாள். தலையாட்டினாள். படுத்தபடியே மூன்று பிரதியிலும் கோணல்மாணலாகக் கையெழுத்திட்டாள்.

அடுத்த தவணையில் ஊன்றுகோலோடு பள்ளிக்கு வந்தாள். மேடம் நிர்வாகத்தோடு சண்டை போட்டு அவளுடைய இலவச இடத்தைத் தக்கவைத்திருந்தார். ஓட்டம் போய்விட்டது, மாநிலக் குழு வாய்ப்பும் போய்விட்டது. என் ஆங்கில வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருவாள். திடல் பக்கம் ஒருநாளும் வரவில்லை. பாவிப்பதும் நின்றுவிட்டது. நான் சட்டத்தை எடுத்தேனா? இல்லை. வலி என்றால் மட்டும் தமிழிலும் சொல்லலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பதினோரு வருஷம் கழித்து, ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பும் கடைசி வாரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் தேநீர் குடிக்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெண் கைப்பேசியில் யாருடனோ கப்பல் சரக்கைப் பற்றி இங்கிலீஷில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துத் திரும்பியவள், "சார்!" என்றாள். யோகேஸ்வரி. போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை, தீபாவளிக்குத் துணி எடுக்க வந்தாளாம். எழுந்து என் மேசைக்கு வந்தபோது இடது காலை லேசாக இழுத்தாள். மழைக்காலத்தில் மட்டும் அப்படி என்றாள்.

அப்பா போன வருஷம் தவறிவிட்டதைச் சொன்னாள். அவளே எனக்கு இன்னொரு டம்ளர் தே தாரே சொன்னாள். நான் நெகிழ்ந்துபோயிருந்தேன். பேச்சுவாக்கில், பாசமாகத்தான் சொன்னேன்: "அன்னிக்கு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. சொல்லாமலே இருந்துட்டியே."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, எனக்கு ஞாபகமில்லை என்பதை நம்ப முடியாமல் பார்த்தாள்.

"சொல்ல வந்தேனே சார்."

"எப்ப?"

"போட்டிக்கு முந்துன வாரம். புதன்கிழமை, ரெசஸ் டைம். ஸ்டாஃப் ரூம்ல நீங்க பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தீங்க. பச்சை சட்டை போட்டிருந்தீங்க சார். மூணு சென்டன்ஸும் பேப்பர்ல எழுதி, பஸ்ல வரும்போது மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். எல்லார் முன்னாடியும் வராதுன்னுதான் தனியா வந்தேன். சார்னு கூப்பிட்டேன். நீங்க தலையத் தூக்கல. 'ஃபீல்ட்ல வந்து சொல்லு'ன்னு சொல்லிட்டீங்க."

"அப்புறம்?"

"ஃபீல்டுக்கு வந்தேன் சார். முன்னாடி வர ஒரு அடி வச்சேன். பசங்க பாத்தாங்க. வரிசைக்கே போயிட்டேன்."

எத்தனையோ முறை துழாவிப் பார்த்துவிட்டேன். அந்தப் புதன்கிழமை என்னிடம் இல்லை. பச்சைச் சட்டை இருந்தது, அது தெரியும். வாசலில் ஒரு பிள்ளை காகிதத்தோடு நின்றது துளிகூட இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்த வாசலில் நின்றவர்கள் எத்தனை பேர், நான் தலைதூக்காமல் அனுப்பியவர்கள் எத்தனை பேர், யாருக்குத் தெரியும்?

"அப்ப அந்த ரிப்போர்ட்ல நீ சொல்லவே இல்லைன்னு எழுதியிருந்தேனேம்மா. மேடம் உங்கிட்டக் கேட்டாங்களே. ஏன் கையெழுத்துப் போட்ட?"

"அப்பா உங்க கையப் புடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தாரு சார். அவருக்கு உங்க மேல அவ்ளோ மரியாதை. நீங்க எழுதுனது பொய்னு அந்த நேரத்துல நான் எப்டி சார் சொல்றது?"

மன்னித்துவிடு என்று கேட்டேன். "ஐயோ, என்னா சார் நீங்க, விடுங்க லா" என்றாள். அவள் விட்டுவிடலாம். மறுநாளே பள்ளிக்குப் போய் அந்தக் கோப்பைக் கேட்டேன். அத்தனை பழையதை வைத்திருப்பதில்லை, அழித்துவிட்டோம் என்றார்கள். மேடம் இந்திராணியும் இப்போது உயிரோடு இல்லை. முனியாண்டி அந்தப் பொய்யை நம்பியே போய்ச் சேர்ந்துவிட்டார். திருத்துவதற்குக் காகிதம் எதுவும் மிச்சமில்லாததால் இங்கே எழுதிவைக்கிறேன். நான்காவது வாக்கியம் இப்படி இருந்திருக்க வேண்டும்: மாணவி தன் வலியைச் சொல்லப் பயிற்சியாளரிடம் வந்தாள், அவர் தலையைத் தூக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்.